மார்கழிப் பனியும் மெல்லோட்டமும்



மார்கழி பிறந்தால் எனக்கு மூன்று கேள்விகள் தவறாமல் வரும். "வெள்ளிமலையில் குளிர் எப்படி?" என்று சமவெளியிலுள்ள உறவினர்கள் போனில் கேட்பார்கள். "இந்தக் குளிர்லயும் ஓடறீங்களா?" என்று உள்ளூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால், "எப்படித்தான் மனசு வருதோ!" என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஓட்டம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்கு வயது 73. ஒரு கிலோமீட்டர் ஓட எனக்கு 11 நிமிடம் ஆகிறது. விரைவாக நடக்கிற இளைஞன் என்னைத் தாண்டிப் போய்விடுவான். போயிருக்கிறார்கள், போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 3 கிலோமீட்டர். இதற்குத் தமிழில் மெல்லோட்டம் என்று நல்ல பெயர் இருக்கிறது. பந்தயம் இல்லை, பதக்கம் இல்லை. எழுந்து, ஓடி, திரும்பி வந்து காபி குடிப்பது. அவ்வளவுதான்.

கல்வராயன் மலையைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து இந்த மாவட்டத்தில் இருக்கிறோம். கல்வராயன் மலை வட்டத்துக்கு வெள்ளிமலைதான் தலைமையிடம். மலை 2,000 அடிக்கு மேல். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கள்ளக்குறிச்சியில் ஒரு போர்வை போதும் என்றால் இங்கே இரண்டு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கிடக்கும் மலையில் மார்கழியில் பனிமூட்டம் இறங்கினால், எதிரே வருகிற மாடுகூட பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். புதுச்சேரிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது லேசான குளிர் அல்ல. மகளுக்கு இங்கே ஆசிரியை வேலை. அவளோடு நாங்கள் இருவரும் வந்து சேர்ந்து எட்டு மார்கழி ஆகிறது.

சரி, மனசு எப்படி வருகிறது? நேர்மையான பதில்: வருவதில்லை. எட்டு வருடமாக எந்த மார்கழிக் காலையிலும் "ஆஹா, ஓடப் போகிறோம்!" என்று துள்ளி எழுந்த நினைவு எனக்கு இல்லை. கம்பளிக்குள் கால் சூடாக இருக்கிறது. வெளியே ஓட்டிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் கேட்கிறது. மனைவி, "இன்னிக்கு ஒரு நாள் விட்டுட்டாத்தான் என்னங்க?" என்கிறாள். மனசு உடனே அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் உற்சாக வாசகங்கள் வருகின்றன. சிங்கத்தின் படம் போட்டு, எழுந்திரு, வெற்றி கொள் என்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. உற்சாகம் முன்னால் வந்து நம்மைக் கூப்பிட்டுக்கொண்டு போகிற ஆள் அல்ல. பின்னால் வந்து சேருகிற ஆள். முதல் பத்து நிமிடம் அது இருக்காது. உடம்பு சூடேறி, மூக்கு நுனியில் குளிர் தெரியாமல் போகும்போதுதான் மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். அது வரட்டும், பிறகு புறப்படலாம் என்று காத்திருப்பவர் தை முடிந்தாலும் காத்துக்கொண்டுதான் இருப்பார். ஆகவே மனசை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது என்ன என்று சொல்வதற்கு முன், நம் வயதில் இது ஏன் விளையாட்டுக் காரியமல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு ஒரே பிரிவில் எதிர் மேசையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர். ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் நடையும் ஓட்டமுமாகச் சுற்றி வந்தவர். ஒரு மார்கழியில், "பனி உடம்புக்கு ஆகாது. தை பிறக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று நிறுத்தினார். தை பிறந்தது. முழங்கால் மடங்கவில்லை. மாசியில் தெருமுனை வரை நடந்தார். பங்குனியில் டீக்கடை வரை. இப்போது கையில் தடி. வீட்டிலிருந்து இரவில் கழிப்பறைக்குப் போக மகனை எழுப்ப வேண்டியிருக்கிறது. அவருக்கு வியாதி என்று எதுவும் பெரிதாக வரவில்லை. இரண்டு மாதம் நிறுத்தினார், அவ்வளவுதான்.

இதற்கு உடற்கூறுக் காரணம் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு சும்மா இருந்தாலே வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் தசை குறைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். முற்றிலும் படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நம் வீட்டு மார்கழி முழுப் படுக்கை அல்ல. ஆனால் போர்வை, நாற்காலி, டிவி, மீண்டும் போர்வை என்று முப்பது நாள் போனால் அதற்குப் பக்கத்து வீடுதான். இருபது வயதுப் பையன் விட்டால் சீக்கிரம் மீட்டுக்கொள்வான். நாம் விட்டால் மீட்பது கடினம். என்னைப் பொறுத்தவரை மார்கழி ஓட்டத்தின் பரிசு பதக்கமல்ல. யாரையும் எழுப்பாமல் இரவில் கழிப்பறைக்குப் போய் வருவது.

இனி வேகத்தைப் பற்றி. குளிர் காலத்தில் மெதுவாக ஓடுகிறவர்கள் விட்டுவிடுவதற்குக் குளிரைவிடப் பெரிய காரணம் வெட்கம் என்பது என் கணிப்பு. "இந்த வேகத்துக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? இதைவிட நடக்கலாமே" என்று உள்ளுக்குள் ஒரு குரல். கையில் கடிகாரம் கட்டியிருந்தால் அது வேறு தன் பங்குக்குக் குத்தும். குளிரில் மூட்டு இறுகியிருக்கும், வேகம் இன்னும் குறையும். போன மாதத்தைவிட ஒரு நிமிடம் அதிகம் என்று காட்டும். மனிதனுக்கு மனம் விட்டுப் போகும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் காலத்தில் லா ஃபோந்தேன் எழுதிய கதைப் பாட்டுகளை மனப்பாடம் செய்யாமல் தப்ப முடியாது. 1668-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பிலேயே முயலும் ஆமையும் கதை இருக்கிறது. அதற்கு முன்பே ஈசாப் சொன்னது. தமிழ்க் குழந்தைகளுக்கும் தெரிந்தது. மெதுவாக ஓடுகிறவர்களுக்கு எல்லோரும் ஆறுதலாகச் சொல்வது இந்தக் கதையைத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ஆமைக்கும் ஒரு முயல் தேவைப்பட்டது. முயல் தூங்கியதால் ஆமை ஜெயித்தது. நம் சாலையில் முயல் யாரும் தூங்கப் போவதில்லை. நாம் யாரையும் ஜெயிக்கவும் போவதில்லை. எனவே ஆமைக் கதையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, அதே பள்ளிக்கூடத்தில் கற்ற ஒரு பழமொழியை வைத்துக்கொண்டிருக்கிறேன். "பெத்தித்தா பெத்தி, லுவாசோ ஃபே சோன் நி." சிறுகச் சிறுகக் குருவி தன் கூட்டைக் கட்டும் என்று அர்த்தம். கூடு கட்டுகிற குருவிக்குப் போட்டியாளர் கிடையாது.

மெதுவாக ஓடுவது ஓட்டமே அல்ல என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோஅகி தனகா என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 2018-இல் காலமானார். அவர் பரப்பிய முறைக்குப் பெயரே மெதுவான மெல்லோட்டம். மணிக்கு 4, 5 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பிக்கலாம். அது நடக்கிற வேகம்தான். ஆனால் எட்டு சின்னதாக, குதிகாலுக்குப் பதில் பாதத்தின் முன்பகுதி படும்படி, நிமிடத்துக்கு 180 எட்டு. முகத்தில் புன்னகை மாறாமல் ஓட முடிகிற வேகமே சரியான வேகம் என்றார். அதை ஜப்பானிய மொழியில் "நிக்கோ நிக்கோ" வேகம் என்கிறார்கள். புன்சிரிப்பு வேகம் என்று சொல்லலாம். இப்படிப் பயிற்சி செய்த அவரே 50 வயதில் மாரத்தானை 2 மணி 38 நிமிடத்தில் ஓடி முடித்தார். நமக்கு அந்த 2 மணி 38 நிமிடம் வேண்டாம். புன்சிரிப்பு போதும்.

வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சொந்த வழி உண்டு. பள்ளியில் வினைச்சொல் அட்டவணையை ராகம் போட்டு ஒப்பிப்போம். "ழ சுயி, த்யு எ, இல் எ" என்று போகும். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான். அதை ஓடும்போது வாய்விட்டுச் சொல்கிறேன். மூச்சு வாங்காமல் ஆறு வரியும் வந்தால் வேகம் சரி. நடுவில் தடுக்கினால் குறைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வாய்ப்பாடோ, சஷ்டி கவசமோ, பழைய சினிமாப் பாட்டோ எது வருமோ அது. பேச முடிந்தால் ஓடலாம், பேச முடியாவிட்டால் நடக்க வேண்டும். கடிகாரத்தைவிட இது நம்பகமானது.

இப்போது மனசுக்குப் பதிலாக எதைப் பிடித்துக்கொள்வது என்ற விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? வருகைப் பதிவேடு என்பான். அதையேதான் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடது பக்கம் தேதி, வலது பக்கம் கையெழுத்து. வேறு பத்தி கிடையாது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எடை எவ்வளவு என்று எதுவும் எழுதுவதில்லை. வாசலைத் தாண்டி வெளியே போய்ப் பத்து நிமிடமாவது ஓடினால் கையெழுத்து போடலாம். அவ்வளவுதான் விதி. பத்தாவது நிமிடம் திரும்பிவிட எனக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் பத்து நிமிடம் ஆன பிறகு திரும்பிய நாட்கள் குறைவு. அதற்குள் அந்தப் பின்னால் வருகிற ஆள் வந்துவிடுகிறார்.

தற்செயல் விடுப்பும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு போக, மார்கழிக்கு நான்கு நாள். காய்ச்சல், கனமழை, கல்யாணம், மனைவியின் கண்டிப்பான உத்தரவு, காரணம் எதுவானாலும் "சி.எல்." என்று எழுதிவிடுகிறேன். குற்ற உணர்ச்சி வேண்டாம், விதிப்படி எடுத்த விடுப்பு அது. ஒரே ஒரு நிபந்தனை: ஓய்வானாலும் விடுப்பானாலும், தொடர்ந்து இரண்டு நாள் கூடாது. ஒரு நாள் விட்டால் இடைவெளி. மூன்று நாள் விட்டால் அதுவே பழக்கமாகிவிடும். அலுவலகத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், முதல் நாள் லீவு லெட்டர் எழுதக் கை நடுங்கும், நான்காம் நாள் தகவலே இருக்காது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மார்கழியை எப்படிக் கடப்பது என்பது நம் முன்னோருக்குத் தெரிந்தே இருந்தது. திருப்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாசுரம் முப்பது, மாதத்துக்கு நாளும் ஏறக்குறைய முப்பது. ஒரு நாளைக்கு ஒன்று. முதல் நாளே முப்பதையும் பாடி முடிக்கச் சொல்லவில்லை. விடியற்காலை என்று நேரம் குறித்தாயிற்று. அதோடு, நடுவில் வருகிற பல பாசுரங்கள் எதைப் பற்றியவை? தூங்குகிற தோழியின் வாசலில் போய் நின்று எழுப்புவதைப் பற்றி. ஆண்டாளின் காலத்திலும் போர்வை சூடாகத்தான் இருந்திருக்கிறது! தனியாக எழ மாட்டோம் என்று தெரிந்துதான் கூட்டமாக எழும் வழக்கத்தை வைத்தார்கள். பஜனை கோஷ்டி வாசலுக்கு வந்தபிறகு யாரால் படுத்திருக்க முடியும்? சின்னப் பங்கு, குறித்த நேரம், வாசலில் வந்து கூப்பிட ஒரு ஆள். குளிரில் மனிதனை எழுப்ப இந்த மூன்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் முடிவு.

எனக்குக் கூப்பிடும் ஆட்கள் இரண்டு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கடை வைத்திருக்கும் மலையாளிப் பெரியவர் ஒருவர். மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல, இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். கரியாலூர் போகிற சாலையில் மூன்று பேரும் சேர்வோம். ஆசிரியர் என்னைவிட வேகம், கடைக்காரர் நடை மட்டும்தான். முன்னே போனவர் திரும்பி வந்து பின்னால் இருப்பவரைச் சந்தித்து மறுபடி போவார். யாரும் யாருக்காகவும் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் யார் வரவில்லையோ அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவோம். இந்த வயதில் அந்தத் தட்டலுக்கு வேறு பயனும் இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை.

சாலையில் விறகுச் சுமையோடு எதிரே வருகிற ஒரு பாட்டி என்னை முதல்முறை பார்த்தபோது கேட்டார்: "எதுக்கு சாமி ஓடறீங்க? யாராச்சும் தொரத்துறாங்களா?" பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தேன். என் வயதிருக்கும் அவருக்கு. மரவள்ளிக் கொல்லைக்கும் கடுக்காய் பொறுக்கவும் விறகுக்குமாக அவர் ஒரு நாளில் ஏறி இறங்குகிற தூரம் என் ஒரு வார ஓட்டத்துக்குச் சமம் இருக்கும். மார்கழியிலும் அவருக்கு விடுப்பு கிடையாது, கையெழுத்துப் போட நோட்டும் கிடையாது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே ஓடுவது ஒரு வசதி என்பதை அந்தக் கேள்வி நினைவில் வைத்திருக்கச் செய்கிறது. கிடைத்த வசதியைப் போர்வைக்குள் வீணாக்குவதும் நியாயமாகப் படவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரம்ம முகூர்த்தத்தில்தான் ஓட வேண்டும் என்று யாரும் எந்த விதியும் போடவில்லை. மார்கழியில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஆறரை மணி. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பு காலை நேரத்திலும் குளிர் காலத்திலும் அதிகம் வருகிறது என்பது மருத்துவர்கள் வெகுநாளாகச் சொல்வது. ஆகவே நான் ஏழு மணிக்கு முன் வாசலைத் தாண்டுவதில்லை. திருப்பாவையைக் காதால் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் பத்து நிமிடம் கை கால்களை அசைத்து, கூடத்திலேயே நடந்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் வெளியே போகிறேன். உள்ளே மெல்லிய சட்டை, மேலே ஸ்வெட்டர், காதை மூட மங்கி குல்லா. வியர்க்க ஆரம்பித்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். ஈர பனியனோடு நின்று பேசக் கூடாது, அதுதான் சளி பிடிக்க வைப்பதுபோல் உடம்பை நடுக்குவது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பையில் ஒரு கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல் என்றால் உடனே நின்றுவிட வேண்டும். நின்றும் போகாவிட்டால் ஆஸ்பத்திரி. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பனிமூட்டத்தில் வெளிர் நிறச் சட்டை போட்டு, வண்டி எதிரே வருவது கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாகப் போங்கள்.

சாலை ஓரம் என்று சொல்லும்போது ஃபௌஜா சிங் ஞாபகம் வருகிறது. பஞ்சாபில் பிறந்து, 1990களில் மனைவியையும் மகனையும் இழந்து, இங்கிலாந்தில் இன்னொரு மகன் வீட்டில் போய்த் தங்கியவர். துக்கத்தைத் தாங்க ஓட ஆரம்பித்தார். 2000-இல் லண்டனில் முதல் மாரத்தான். அப்போது வயது 89. 2011 அக்டோபரில் கனடாவின் டொரொண்டோ மாரத்தானை 100 வயதில் முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 11 நிமிடம். அவர் எல்லைக் கோட்டைத் தொட்டபோது தடுப்புகளையும் விளம்பரத் துணிகளையும் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். ஆனாலும் உலகம் அவரைத்தான் நினைவு வைத்திருக்கிறது.

இதில் ஒரு குமாஸ்தாவுக்கான விஷயமும் உண்டு. கின்னஸ் புத்தகம் அவர் சாதனையை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை! பாஸ்போர்ட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது, நூறாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்து ராணியின் வாழ்த்துக் கடிதமும் இருந்தது. போதவில்லை. அந்தக் காலத்துப் பஞ்சாபுக் கிராமத்தில் பிறப்பை யார் பதிந்தார்கள்? நான் பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் பிறந்தவன், "எத்தா சிவில்" பதிவேட்டில் என் பிறப்பு நாள், நேரத்தோடு இருக்கிறது. ஆனால் நூறு வயதில் ஓட கால் இருக்குமா என்பதுதான் கேள்வி. தாள் ஒருவரிடம், கால் இன்னொருவரிடம். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் எழுத்தராக இருந்தும் நான் காலைத்தான் கேட்பேன்.

அவர் 2025 ஜூலை 14 அன்று, தம் சொந்த ஊரான பியாஸ் பிண்டில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் கொண்டாடும் தேதி என்பதால் மறக்காது. வயது 114. முதுமை அவரை வீழ்த்தவில்லை, ஓட்டமும் வீழ்த்தவில்லை. அதனால்தான் வெளிர் நிறச் சட்டையை வற்புறுத்துகிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இப்போது எல்லா ஊர்களிலும் மாரத்தான் நடக்கிறது, நல்லதுதான். சமவெளி ஊர் ஒன்றில் அப்படி நடந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் நானும் என்னைப் போன்ற நாலைந்து பேரும் கடைசியாக வந்து சேர்ந்தோம். பரிசளிப்பு முடிந்து மைக் செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டோம். "கேன் எல்லாம் வண்டில ஏத்தியாச்சு தாத்தா" என்றான் ஒரு பையன், பாவம், அவன் என்ன செய்வான். என்னோடு வந்த ஒரு அம்மாள் அதற்குப் பிறகு எந்த ஓட்டத்துக்கும் வரவில்லை. குளிர் தடுக்காத ஒருவரை, காலியான தண்ணீர் மேசை தடுத்துவிட்டது.

வேறு மாதிரியும் நடத்த முடியும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 2008-இல் ஒரு மாரத்தான் தொடங்கினார்கள். பிப்ரவரியில் நடப்பது வழக்கம். செம்மண் காட்டுப் பாதையில் ஓட்டம். அதில் நேரம் குறிப்பதில்லை, முதல் பரிசு இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடு என்பதுதான் அவர்கள் கொள்கை. 10 கிலோமீட்டர் பிரிவில் நானும் ஓடியிருக்கிறேன். எத்தனையாவதாக வந்தேன் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பிப்ரவரியில் அது இருக்கிறது என்ற நினைப்பே மார்கழியில் பலரை எழுப்பியிருக்கிறது. இங்கிலாந்தில் பார்க்ரன் என்று ஒன்று. 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு ஆரம்பித்தது. சனிக்கிழமை தோறும் 5 கிலோமீட்டர், கட்டணமில்லை, உறைகிற குளிரிலும் நடக்கும். அங்கே எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் உண்டு. அவர்தான் எப்போதும் கடைசி. ஆகவே ஓட வந்தவர் யாரும் கடைசியாக வருவதே இல்லை. எவ்வளவு எளிய ஏற்பாடு பாருங்கள்!

நம் மாவட்டங்களில் ஓட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. கடைசி ஆள் வரும்வரை தண்ணீர் மேசையை எடுக்காதீர்கள். அவருக்குப் பின்னால் வர ஒரு தொண்டரை நியமியுங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பரிசு வேண்டாம், வந்து சேர்ந்த எல்லோருக்கும் ஒரு கடலை மிட்டாயும் ஒரு கைகுலுக்கலும் கொடுங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை, எந்தக் கோப்பும் எழுத வேண்டியதில்லை. இதனால் பத்து முதியவர்கள் மறு வருடமும் வந்தால், அந்தப் பத்து வீடுகளில் இரவில் ஒருவரை எழுப்ப வேண்டியிருக்காது.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். பழைய டைரி ஒன்று எப்படியும் வீட்டில் இருக்கும். அதில் இன்றைய தேதியைப் போடுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம். ஓட முடியாவிட்டால் நடை, நடை முடியாவிட்டால் வாசலுக்கும் தெருமுனைக்கும். தெரிந்தவர் ஒருவரிடம், "நான் வராவிட்டால் கதவைத் தட்டுங்கள்" என்று இன்றே சொல்லிவையுங்கள். மனசைக் கேட்காதீர்கள், அது தூங்கட்டும். கையெழுத்து போட மனசு தேவையில்லை, பேனா போதும்.

பொங்கலுக்குள் நோட்டில் இருபது கையெழுத்தாவது சேரட்டும்.